பல்லைப் பிடுங்கிய பிறகும் வலிக்கிறதே, டீச்சர்!



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள், இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போடுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவருக்குத் தேவைப்படலாம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பின்னலாடைக் கம்பெனியில் வேலை. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

"டீச்சர், ரெண்டு வருஷமா வலது தாடை வலி. காதுகிட்ட ஆரம்பிச்சு நெத்திப்பொட்டு வரைக்கும் இழுக்குது. காலையில எந்திரிச்சா வாயைத் தொறக்கவே கஷ்டம். மூணு பல்லு எடுத்தாச்சு. வலி அப்படியேதான் இருக்கு. வர்ற திங்கக்கிழமை நாலாவது பல்லு எடுக்கப் போறேன்."

"எடுத்த பல்லுல சொத்தை இருந்துச்சாம்மா?"

"ஒண்ணுல லேசா இருந்துச்சு. மத்த ரெண்டும் நல்ல பல்லுதான் டீச்சர். நான்தான் தாங்க முடியாம, எடுத்துடுங்கன்னு கேட்டேன்."

எனக்குப் பகீரென்றது. நல்ல பல்லை எடுக்கச் சொல்லி யாராவது கேட்பார்களா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"பெரிய டாக்டர் ஒருத்தர்கிட்ட போனேன் டீச்சர். எக்ஸ்ரே பாத்துட்டு, 'உனக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் டென்ஷன், மனசை ஃப்ரீயா விடு'ன்னு அனுப்பிட்டாரு. அன்னையிலேருந்து வீட்டுல, 'டாக்டரே சொல்லிட்டாரு, நீயா நினைச்சுக்கிறே'ங்கறாங்க. பல்லை எடுத்தாலாவது வலின்னு நம்புவாங்கல்ல டீச்சர்?"

தன் வலியை வீட்டார் நம்புவதற்காக ஒரு பெண் தன் பல்லையே சாட்சியாகக் கொடுத்திருக்கிறாள்!

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு 34 வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் தேடிப் படிக்கத் தெரியும். தெரியாததை மருத்துவரான மாணவர்களிடம் கேட்கவும் தெரியும். படித்ததையும் கேட்டதையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவதும், மனசைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பல்லில் கை வைப்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். முதல் தவறுதான் நோயாளியை இரண்டாவது தவறை நோக்கித் துரத்துகிறது.

முதலில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "நடிக்காதே, போய் உக்காரு" என்று அதட்டியிருக்கிறேன். ஒருநாள் அப்படி அதட்டப்பட்ட ஒரு பையன் விடைத்தாளின் மேலேயே வாந்தி எடுத்தான். பயம் இருந்தது அவன் மனசில். வாந்தி வந்தது அவன் வயிற்றிலிருந்து. இதில் எது நடிப்பு? பயம் வயிற்றைப் பிசையும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், உள்ளங்கையை வியர்க்க வைக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். அதே பயமும் கவலையும் தாடைத் தசையை இறுக்கும் என்றால் மட்டும் ஏன் "சும்மா நினைச்சுக்கிறே" என்கிறோம்?

உங்கள் விரல்களைக் காதுக்கு முன்னால், கன்னத்தின் பின்பகுதியில் வைத்துப் பல்லைக் கடியுங்கள். ஒரு தசை கெட்டியாகப் புடைக்கும். அதுதான் மாசெட்டர் என்னும் மெல்லும் தசை. நெற்றிப்பொட்டில் கை வைத்துக் கடித்தால் அங்கேயும் ஒன்று அசையும். அது டெம்போராலிஸ். இவை சோறு மெல்லவும் கரும்பு கடிக்கவும் ஏற்பட்ட பலமான தசைகள். மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர வேண்டும். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் உள்ளே பற்கள் பிரிந்தே இருக்க வேண்டும்.

இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா, பிரிந்திருக்கின்றனவா? கவனியுங்கள். பலர் இந்த வரியில்தான் தாடையைத் தளர்த்துவீர்கள்.

கையை மணிக்கணக்கில் முஷ்டி பிடித்து வைத்திருந்தால் வலிக்கும். அதற்கு யாரும் எக்ஸ்ரே கேட்பதில்லை. தாடையை நாள் முழுக்க இறுக்கி வைத்திருப்பதும் அப்படித்தான். அந்த வலி எலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் வலியே இல்லை என்பது, வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் அப்படி ஒரு பிள்ளையே பிறக்கவில்லை என்று சொல்வதைப் போன்றது.

இன்னொன்று. மெல்லும் தசையில் உண்டாகும் வலி கடைவாய்ப் பல்லில் வலிப்பது போலவே தோன்றும். வலி ஓரிடம், உணர்வது வேறிடம். அதனால்தான் நல்ல பல்லைக் காட்டி "இதுதான் டாக்டர்" என்று நோயாளியே சத்தியம் செய்கிறார். சந்தேகமான பல்லை ஊசி போட்டு மரத்துப்போக வைத்தும் வலி குறையவில்லை என்றால், காரணம் வேறெங்கோ இருக்கலாம் என்று நின்று யோசிக்க வேண்டும். பிடுங்கிய பல்லைத் திரும்ப நட முடியாதே.

பல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கதை பழையது. 1934ல் அமெரிக்காவில் காஸ்டன் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர், கடைவாய்ப் பற்கள் விழுந்து தாடை அளவுக்கு மேல் மூடிக்கொள்வதால்தான் காது வலியும் முக வலியும் வருகின்றன என்று எழுதினார். பிற்கால உடற்கூறு ஆய்வுகள் அவர் சொன்ன விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனாலும் "கடிமானம் சரியில்லை, பல்லை ராவிச் சரிசெய்ய வேண்டும்" என்ற எண்ணம் பல் மருத்துவத்தில் பல காலம் நிலைத்துவிட்டது.

1969ல் டேனியல் லாஸ்கின் என்ற பல் மருத்துவ அறிஞர் வேறு விதமாகச் சொன்னார். மன அழுத்தத்தால் பல்லைக் கடிப்பதும் இறுக்குவதும் தசையைக் களைக்க வைக்கின்றன; களைத்த தசைதான் வலிக்கிறது என்றார். அவரும் அவருடைய சகாக்களும் 1976ல் வெளியிட்ட ஒரு சோதனை சுவையானது. தாடை வலி உள்ள 25 பேருக்குக் கடிமானத்தைச் சரிசெய்வது போலப் பாவனை மட்டும் செய்தார்கள். உண்மையில் பல்லை ராவவே இல்லை. 16 பேர் வலி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ போய்விட்டது என்றார்கள்!

உடனே சிலர், "பார்த்தீர்களா, எல்லாம் பாசாங்கு" என்று கிளம்புவார்கள். நில்லுங்கள். அந்தச் சோதனை நோயாளியைப் பொய்யர் என்று நிரூபிக்கவில்லை. பல்லை ராவியதால்தான் குணமானது என்ற கூற்றைத்தான் கேள்விக்குள்ளாக்கியது. ஒருவர் அக்கறையோடு கவனித்தார், இனி சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வந்தது, வலி இறங்கியது. நம்பிக்கை வலியை இறக்கும் என்றால், பயமும் அவமானமும் வலியை ஏற்றும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்? "உனக்கு ஒண்ணுமில்ல போ" என்ற வார்த்தை மருந்தா, நஞ்சா? நீங்களே சொல்லுங்கள்.

"வலி வந்ததால் கவலை வந்திருக்கும், கவலையால் வலி வந்தது என்று எப்படிச் சொல்லலாம்?" நியாயமான கேள்விதான். அதற்காகவே அமெரிக்காவில் 4 இடங்களில் ஒப்பேரா என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். இந்தத் தாடை வலி நோய் இல்லாத, 18 முதல் 44 வயது வரையிலான 2,737 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 260 பேருக்குப் புதிதாக நோய் வந்தது. 2013ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மன அழுத்தமும் பதற்றமும் முன்பே கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. மனம் சார்ந்த காரணிகளில் முதலிடம் பிடித்தது, உடம்பில் அங்கங்கே பல சின்னச் சின்ன உபாதைகள் இருப்பதாகச் சொன்ன தன்மை. தூக்கம் கெடுவதும் வலிக்கு முன்பே தொடங்கியிருந்தது.

ஆக, மனசுக்குப் பங்கு உண்டு. நான் அதை மறுக்கவில்லை. அடித்துச் சொல்கிறேன். ஆனால் அது ஒன்றே காரணம் என்று அந்த ஆய்வும் சொல்லவில்லை. உடம்பில் இருக்கும் வேறு வலிகள், பொதுவான உடல்நலம், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் கணக்கு.

இந்த நோயை எப்படிக் கண்டறிய வேண்டும் என்று உலகம் முழுவதும் பயன்படும் ஒரு வரையறை இருக்கிறது. 1992ல் முதலில் வந்தது. 2014ல் திருத்தி வெளியிட்டார்கள். அதில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி தசை, மூட்டு. இரண்டாவது பகுதியில் நோயாளியின் பதற்றம், மனச்சோர்வு, வாய்ப் பழக்கங்கள், வலியால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்குகிறது என்ற கேள்விகள். இரண்டும் சேர்ந்தால்தான் பரிசோதனை முழுமை. கேள்வித்தாளில் பாதியை மட்டும் எழுதிவிட்டு நூற்றுக்கு நூறு கேட்கும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. கேள்வியே கேட்காமல் "டென்ஷன்" என்று தீர்ப்பு எழுதுபவருக்கும் போட மாட்டேன். தூக்கத்தைப் பற்றிக்கூட விசாரிக்காமல் பல்லைப் பிடுங்குபவருக்கும் போட மாட்டேன்.

சிகிச்சைக்கு வருவோம். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், நாள்பட்ட தாடை வலிக்கான சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை எவை தெரியுமா? சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, தசையைக் கையால் நீவித் தளர்த்துவது, நோயைப் பற்றி விளக்கித் தைரியம் சொல்லி வீட்டிலேயே செய்யப் பயிற்சிகள் கற்றுக்கொடுப்பது. வேண்டாம் என்று வலுவாகச் சொல்லப்பட்டவற்றில், கடிமானத்தையே நிரந்தரமாக மாற்றிவிடும் தகடும், மூட்டிலுள்ள வட்டை எடுக்கும் அறுவையும் உண்டு. நம் ஊரில் தாராளமாகக் கொடுக்கப்படும் சாதாரணக் கழற்றி மாட்டும் தகட்டையும், முகத்தில் போடும் போடாக்ஸ் ஊசியையும்கூட, பொதுவாகத் தவிர்க்கலாம் என்றே அந்தக் குழு கருதுகிறது.

மேல் வரிசையில் இருப்பவை பேச்சும் பயிற்சியும். நம் ஊரில் நடைமுறையில் முதல் வரிசை எது? மாத்திரை, தகடு, வேர் சிகிச்சை, கடைசியில் கொறடு. பேசுவதற்குக் கட்டணம் வாங்க மருத்துவர் கூச்சப்படுகிறார். கொடுக்க நாமும் கூச்சப்படுகிறோம். "என்ன, வெறும் பேச்சுக்கு 300 ரூபாயா?" என்பவர்கள் நாம்தானே?

மருத்துவர்கள் மேல் மட்டும் பழி போட நான் வரவில்லை. என் மாணவர்களிலும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மூன்று நிமிடத்தில் ஒருவரின் இரண்டு வருஷக் கதையைக் கேட்க முடியாது. ஆனால் "இன்று முடியாது, அடுத்த வாரம் நேரம் ஒதுக்குகிறேன்" என்று சொல்ல முடியும். "வலி உண்மைதான், தசையிலிருந்து வருகிறது, கவலை அதைக் கூட்டுகிறது, குறைக்க வழி உண்டு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். "உனக்கு ஒண்ணுமில்ல" என்பதற்கும் இதற்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பலனில் உண்டு.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு.

இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஹார்மோன், மரபு என்று பல விளக்கங்கள் உண்டு. அதற்குள் போகவில்லை. நம் வீட்டுப் பேச்சை மட்டும் கேளுங்கள். "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ." எத்தனை பெண்களுக்கு இந்த உபதேசம் கொடுத்திருக்கிறோம்! கல்யாணமான மகளுக்கு அம்மா சொல்கிறாள். வேலைக்குப் போகும் மருமகளுக்கு மாமியார் சொல்கிறார். பள்ளியில் நாங்கள் மட்டும் என்ன? "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்றுதான் வகுப்பையே தொடங்கினோம். வருஷக்கணக்காகப் பல்லைக் கடிக்கச் சொல்லிவிட்டு, கடித்த தாடை வலிக்கும்போது "நடிக்கிறே" என்பது எந்த ஊர் நியாயம்?

"மனசை ஃப்ரீயா விடு" என்று உபதேசிப்பவர்களிடம் ஒரு கேள்வி. அவளுடைய இரவு ஷிப்டை மாற்றிக் கொடுப்பீர்களா? வட்டிக்காரரிடம் நீங்கள் போய்ப் பேசுவீர்களா? காலை நான்கு மணிக்கு எழுந்து சமைக்கும் வேலையில் பாதியைக் கணவர் எடுத்துக்கொள்வாரா? எதையும் மாற்றாமல் மனசை மட்டும் அவள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால், அதுவும் அவள் தலையில் ஏற்றிய இன்னொரு வேலைதான்.

"அப்படியென்றால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்கிறீர்களா? எங்களுக்கென்ன பைத்தியமா?" என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசகரிடம் போனால் உங்களைச் சமைக்கத் தெரியாதவர் என்றா அர்த்தம்? நாள்பட்ட வலியோடு வாழக் கற்றுக்கொடுப்பதும், இறுக்கத்தைக் கண்டுபிடித்துத் தளர்த்தக் கற்றுக்கொடுப்பதும் ஒரு கல்வி. கற்றுக்கொள்வதில் அவமானம் என்ன? மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை கிடைக்கிறது. டெலி மனாஸ் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நானும் "எல்லாம் டென்ஷன்" கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன். கீழே உள்ளவை இருந்தால் மனசைக் காரணம் காட்டிக் காத்திருக்காதீர்கள்:

1. நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடை வலித்து, நின்றால் குறைகிறது. இது இதயமாக இருக்கலாம். திடீரென்று தாடை வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் உடனே 108.
2. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலையோர வலி, மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது. அன்றே மருத்துவமனை. தாமதித்தால் பார்வை போகலாம்.
3. பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவருக்கு வாய் திறப்பு குறைந்துகொண்டே வருவது, ஆறாத புண், கட்டி.
4. முகம் வீங்கிக் காய்ச்சல் அடிப்பது. இது பல் சீழாக இருக்கலாம். அப்போது பல்லுக்குத்தான் வைத்தியம்.
5. மின்சாரம் பாய்ந்தது போல நொடிக்கணக்கில் வெட்டி வெட்டி வரும் வலி, அல்லது முகம் மரத்துப்போவது. நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவை இல்லை, தசை வலிதான் என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு நீங்களே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். "ன்" என்று உச்சரியுங்கள். நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொடும். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டாது. அதுதான் தாடை ஓய்வெடுக்கும் நிலை. உதட்டை மூடிக்கொண்டு அப்படியே இருங்கள். போன் மணி அடிக்கும்போதெல்லாம், கதவைத் திறக்கும்போதெல்லாம் "என் பல் சேர்ந்திருக்கிறதா?" என்று சோதியுங்கள். தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தவள் தரும் வீட்டுப்பாடம் இது. காசு செலவில்லை. வெந்நீர் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கும் சீடையும் வேண்டாம், சூயிங்கம் வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இப்படி எளிய வழிகளிலேயே குறைகிறது.

என் மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திங்கட்கிழமை பல் எடுக்கப் போகவில்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வாய் மருத்துவப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். அந்தப் பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. அங்கே ஒரு இளம் மருத்துவர் கன்னத் தசையை விரலால் அழுத்தியதும், "இதுதான் டாக்டர் என் வலி" என்று இவள் கத்தியே விட்டாளாம். பிறகு அவர், "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"முதல் தடவையா ஒருத்தங்க அதைக் கேட்டாங்க டீச்சர். கடன் கதையெல்லாம் சொல்லி அழுதுட்டேன். அப்புறம் அவங்க, 'உங்க வலி நிஜம்'னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கிடுச்சு."

வலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயிற்சி செய்கிறாள். ஆலோசனைக்கும் போகிறாள். ஒரு தடவை கணவரும் கூடப் போயிருக்கிறார். சில நாள் பரவாயில்லை, சில நாள் வலிக்கிறது. கடன் இன்னும் இருக்கிறது. ஆனால் நாலாவது பல் அவள் வாயிலேயே இருக்கிறது.

மருத்துவ நண்பர்கள் நான் தவறாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள், ஏற்றுக்கொள்கிறேன். மற்றவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று உங்கள் வீட்டில் யாராவது "தாடை வலிக்குது" என்றால், "நினைப்பை விடு" என்று சொல்வதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள்.

தேவைப்படுவோருக்குப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்